குதிகாலில் ஒரு கறுப்பு

டார்லின் என்ற பெயர் காதில் விழுந்தால் போதும், எப்சிபாவுக்கு நெஞ்சுக்கு நேர் கீழே புளித்துக்கொண்டு வரும். பேச்சுக்குச் சொல்கிற வயிற்றெரிச்சல் இல்லை, நிஜ வயிற்றெரிச்சல். அதற்கென்றே மேஜை டிராயரில் ஒரு அட்டை மாத்திரை வைத்திருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு அட்டை மாதக்கணக்கில் கிடக்கும். டார்லின் ஊருக்குத் திரும்பி வந்த பிறகு வாரத்துக்கு ஒன்று தீர்ந்தது. டாக்டருக்கு வேறு யாரும் சீட்டு எழுதித் தர வேண்டியதில்லை என்பதால் விஷயம் வெளியே தெரியாமல் போயிற்று.

இரண்டு பேரும் தோல் டாக்டர்கள். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் ஒரே வருஷம் சேர்ந்து, ஒரே விடுதி அறையில் தூங்கி, ஒரே பாட்டில் தேங்காய் எண்ணெயைப் பாதிப் பாதி தேய்த்துக்கொண்டவர்கள். டார்லின் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனாள். எப்சிபா பாளையங்கோட்டையிலேயே இருந்து முருகன்குறிச்சியில் போர்டு மாட்டினாள். இருபத்திரண்டு வருஷம். நாங்குநேரியிலிருந்து சீவலப்பேரி வரைக்கும் யாருக்குத் தேமல் வந்தாலும் படை வந்தாலும் "டாக்டரம்மாட்ட காட்டு" என்றால் அது எப்சிபாதான்.

அவளிடம் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. நோயாளி திரையை விலக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் நோயின் பெயர் அவள் வாயில் வந்துவிடும். "உக்காரக்கூட விடலல்லா, சொல்லிப்புட்டாவ" என்று ஜனங்கள் வெளியே போய்ச் சொல்லுவார்கள். அதைக் கேட்க அவளுக்குக் கொள்ளை ஆசை. உண்மையைச் சொன்னால், மருந்து கொடுத்துக் குணமானவர்களை விட, உட்காருமுன் சொல்லி வாய்பிளக்க வைத்தவர்களைத்தான் அவள் அதிகமாக ஞாபகம் வைத்திருந்தாள்.

டார்லின் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற கணவரோடு ஊருக்கு வந்து, இரண்டு தெரு தள்ளிக் கடை விரித்தாள். 'கடை விரித்தாள்' என்பது எப்சிபாவின் வார்த்தை. நாம் கிளினிக் என்று சொல்லலாம். டார்லினின் வழி வேறு. முகத்தில் பரு என்று போன பெண்ணையும் கட்டிலில் படுக்க வைத்து, உச்சந்தலையில் ஆரம்பித்துக் கால் விரலிடுக்கு வரை பார்த்துவிட்டுத்தான் விடுவாள். ஒரு ஆளுக்கு முக்கால் மணி நேரம். முதலில் ஊர் சிரித்தது. "பருவுக்குப் போனா பாதத்தப் பாக்காவளாம்" என்று எப்சிபாவின் கம்பவுண்டர் பெனோ சொல்லிச் சொல்லிச் சிரித்தான். ஆறு மாதத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. எப்சிபாவின் வாசலில் கிடக்கும் செருப்புகள் குறைந்தன. படித்த பெண் செருப்பை எண்ணிப் பார்க்கிற அளவுக்கு இறங்கினாள் என்று சொல்லச் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் எண்ணினாள்.

இந்தச் சமயத்தில்தான் தொம்மையின் கை வந்து சேர்ந்தது.

திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்துத் தோல் டாக்டர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வண்ணார்பேட்டையில் ஒரு ஓட்டல் ஹாலில் கூடுவார்கள். பிடிபடாத நோயோ அபூர்வமான நோயோ இருந்தால் அந்த நோயாளியை யாரும் அழைத்து வரலாம். அவர் வெள்ளைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். நோயுள்ள இடம் மட்டும் திரையின் இடைவெளி வழியாக வெளியே தெரியும். டாக்டர்கள் வரிசையாகப் போய்ப் பார்க்க வேண்டும். ஆளுக்கு இரண்டு கேள்வி கேட்கலாம். பிறகு ஒரு துண்டுச்சீட்டில் நோயின் பெயரையும் தன் பெயரையும் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். மூத்தவரான டாக்டர் சிவசண்முகம் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிப்பார். அப்புறம் பிரியாணி. பரிசு ஒன்றும் கிடையாது. ஆனால் சீட்டு வாசிக்கிற அந்தப் பத்து நிமிஷமும் ஐம்பது வயதுக்காரர்களின் முகமெல்லாம் பரீட்சை எழுதப் போன பிள்ளைகளின் முகமாகிவிடும்.

தொம்மை எப்சிபாவின் நோயாளி. வள்ளியூரில் மகள் வீட்டில் இருந்துகொண்டு வாழைத்தோட்டத்தில் வேலை பார்ப்பவர். வலது ஆள்காட்டி விரலில் ஒரு கட்டி. அங்கிருந்து முழங்கை வரை படி ஏறுகிற மாதிரி இன்னும் ஐந்து. முள் குத்தி, மண்ணிலிருந்து உடம்புக்குள் ஏறுகிற பூஞ்சை என்று எப்சிபா அவர் உட்காருமுன்பே சொல்லியிருந்தாள். நான்கு மாதமாக மருந்து. குறையவில்லை. பைய பையத்தான் குறையும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூட்டத்துக்கு அவரை அழைத்துப் போனது சந்தேகத்தினால் அல்ல. இவ்வளவு அழகான வரிசையை டார்லின் பார்க்கட்டும் என்பதற்காக.

டார்லின் பார்த்தாள். மற்றவர்கள் கட்டியைப் பார்த்தார்கள். அவள் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். குறுக்கே பழைய தழும்புகள் இருந்தன, கயிறு அறுத்த தழும்புகள்.

"வாழைக்கு முன்னால என்ன சோலி பாத்தீய?"

"கடல் சோலிதான் டாக்டரம்மா. உவரி" என்றார் திரைக்குப் பின்னாலிருந்து தொம்மை.

"கடைசியா மீன் முள்ளு எப்ப குத்திச்சு?"

"அந்தோணியார் திருவிழாவுக்கு ஊருக்குப் போனம்லா, அப்பம் மச்சான் வள்ளத்துல ஏறினேன். கெளுத்தி அடிச்சிட்டு."

அன்றைக்குப் பதினெட்டுச் சீட்டில் பதினேழு சீட்டு பூஞ்சை. ஒன்று மட்டும் மீனிலும் தண்ணீரிலும் வாழ்கிற ஒரு கிருமியின் பெயர், காசநோய்க் கிருமிக்குத் தம்பி முறை. சதைத்துண்டு எடுத்து அனுப்பினார்கள். அடுத்த கூட்டத்துக்கு முடிவு வந்தது. பதினேழு பேர் தோற்றார்கள் என்று யாரும் பேசவில்லை. சிவசண்முகம் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர் எப்சிபா, நாலு மாசமா மண்ணத் தோண்டியிருக்கீய. சங்கதி தண்ணிக்குள்ள கெடந்திருக்குல்லா" என்றார். ஹால் முழுக்கச் சிரித்தது. டார்லின் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, "எனக்கும் இப்படித் தப்பியிருக்குட்டி" என்று தோளைத் தொட்டாள். சிரித்திருந்தால் கூட எப்சிபா மன்னித்திருப்பாள்.

பிரியாணி சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தாள். கல்லூரித் தமிழ் வாத்தியாரான அவள் கணவர் ரிச்சர்ட், "என்ன, கூட்டம் சீக்கிரம் முடிஞ்சிட்டா?" என்று கேட்டதற்கு, "உங்களுக்கு எல்லாத்தையும் கேக்கணும்" என்று எரிந்து விழுந்தாள்.

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. கோவிலில், அப்பமும் திராட்சை ரசமும் வாங்குகிற திருவிருந்து ஆராதனை.

பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் கோவில்களில் திருவிருந்து வாங்கப் போகிறவர்கள் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு போவார்கள். பீடத்துக்கு முன்னாலுள்ள கம்பி ஓரமாக ஒரு வரிசை முழங்கால் போடும். அடுத்த வரிசை பின்னால் தலைகுனிந்து நிற்கும். அப்படித் தலைகுனிந்து நிற்பவர்களுக்குக் கண்ணில் படுவது முன்னால் முழங்காலில் இருப்பவர்களின் உள்ளங்கால்கள்தான். யாரும் அதைப் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் தன் பாவத்தை நினைப்பார்கள், அல்லது அடுப்பில் வைத்துவிட்டு வந்த கறியை நினைப்பார்கள்.

எப்சிபா முழங்காலில் இருந்தபோது பின்னால் நின்றவள் டார்லின். சபைப் போதகரான ஐயர் அப்பத்தைக் கையில் வைத்தார், கிண்ணத்தை உதட்டில் வைத்தார். எழுந்து திரும்பும்போது டார்லினின் கண் இன்னும் தரையில், தன் கால் இருந்த இடத்திலேயே நிற்பதை எப்சிபா கண்டாள்.

ஆராதனை முடிந்து செருப்பைத் தேடும்போது டார்லின் அருகில் வந்தாள்.

"ஏட்டி எப்சி, ஒன் எடது குதிகால்ல ஒரு கறுப்பு இருக்கே. பாத்தியா?"

"தார் ஒட்டியிருக்கும்."

"தார் மாதிரித் தெரியல. வீட்டுக்கு வாயேன், ஒரு நிமிசம் பாத்திருவோம்."

பக்கத்தில் ஐயரம்மா நின்றுகொண்டிருந்தார். எப்சிபாவுக்கு முகம் சுட்டது. "பீடத்துக்கு முன்னால நின்னு ஜெபம் பண்ணாம என் காலத்தான் பாத்துக்கிட்டு இருந்தியோ?" என்று சிரித்த மாதிரி கேட்டுவிட்டுக் காரில் ஏறினாள். நேற்றுக் கை, இன்றைக்குக் கால். இவளுக்கு என் உடம்புதான் அடுத்த சீட்டா என்று வழி நெடுக நினைத்தாள்.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு காலைத் திருப்பப் பார்த்தாள். ஐம்பத்து மூன்று வயது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கைக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்த்தாள், ஓரம்தான் தெரிந்தது. ஆயிரக்கணக்கான பாதங்களைப் பார்த்தவள் தன் பாதத்தைப் பார்த்து எத்தனை வருஷமிருக்கும் என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசியில் ரிச்சர்டைக் கூப்பிட்டு போனில் படமெடுக்கச் சொன்னாள்.

"கருப்பட்டிப் பாகு சிந்துன மாதிரில்லா இருக்கு" என்றார் ரிச்சர்ட் படத்தை நீட்டி. "ஒரு பக்கம் காப்பிக் கலரு, ஒரு பக்கம் நல்ல கறுப்பு. என்னது இது?"

"புதுச் செருப்பு கடிச்சு ரத்தம் கட்டியிருக்கு."

சொன்ன வேகம் அவளுக்கே பிடித்திருந்தது. உட்காருமுன் சொல்கிற அதே வேகம். ஆனால் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். ஓரம் ஒழுங்கில்லை. நிறம் ஒன்றாக இல்லை. நம் ஊர்க்காரர்களுக்கு மெலனோமா என்கிற அந்தக் கறுப்புப் புற்று வந்தால் முகத்திலும் முதுகிலும் வருவது அபூர்வம், பெரும்பாலும் உள்ளங்காலில்தான் வரும் என்பது அவள் மாணவியாக இருந்தபோதே படித்தது. வலிக்காது, அரிக்காது, அதனால் யாரும் காட்ட வரமாட்டார்கள் என்பதும் அதே பக்கத்தில் இருந்தது.

ரத்தக்கட்டா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பிளேடால் மேல்தோலைச் சீவினால் கட்டிய ரத்தமும் சேர்ந்து உதிரும். மறுநாள் கிளினிக்கில் கதவைப் பூட்டிக்கொண்டு, தடவித் தடவிச் சீவினாள். வெள்ளைச் செதில் உதிர்ந்தது. கறுப்பு அங்கேயே இருந்தது. ஆழமாகக் கட்டியிருக்கிறது என்று முடிவு செய்தாள்.

இன்னொரு வழியும் உண்டு. தோலைப் பெரிதாக்கிக் காட்டுகிற விளக்குக் கண்ணாடி. உள்ளங்கால் ரேகைகளுக்கு மேடும் பள்ளமும் உண்டு. கறுப்பு பள்ளத்தில் ஓடினால் பெரும்பாலும் பயமில்லை. மேட்டில் ஓடினால் கெட்டது. அந்தக் கண்ணாடி அவள் கைப்பையிலேயே கிடந்தது. ரிச்சர்டிடம் கொடுத்து காலில் வைத்துப் படமெடுக்கச் சொல்ல அரை நிமிஷம் போதும். சொல்லவில்லை. அந்தக் கண்ணாடி மேட்டைக் காட்டிவிட்டால் டார்லின் சொன்னது சரியென்று ஆகிவிடும். இதுதான் காரணம். இதைவிடக் கௌரவமான காரணம் ஒன்றைச் சொல்ல எனக்கும் ஆசைதான், இல்லை.

அதற்குப் பதில் அவள் செய்த காரியம்தான் கேவலமானது. டாக்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டாள். 'பெண், வயது 53. புதுச் செருப்பு போட்டதிலிருந்து குதிகாலில் கறுப்பு. உங்கள் கருத்து?' என்று எழுதினாள். புதுச் செருப்பு என்ற ஒரு வார்த்தைக்குள் விடையையும் வைத்துக் கொடுத்தாள். நோயாளியின் கதை எப்படி டாக்டரின் கண்ணைத் திருப்பும் என்பது தொழில் தெரிந்தவளுக்குத் தெரியாதா? பத்து நிமிஷத்தில் ரத்தக்கட்டு, ரத்தக்கட்டு என்று வரிசையாக வந்து விழுந்தது. "இதுக்கெல்லாமா கேக்கீய? செருப்ப மாத்தச் சொல்லுங்க" என்று சிவசண்முகம் எழுதினார்.

டார்லின் படத்தைப் பார்த்ததற்கான அடையாளம் தெரிந்தது. ஒன்றும் எழுதவில்லை.

எப்சிபா போனைக் கையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை காத்திருந்தாள். டார்லின் எழுதினால், பதினாறு பேருக்கு எதிராகத் தனியாக நிற்க வேண்டும். எழுதாவிட்டால் தோற்றாள். எழுதவேயில்லை. அன்றைக்கு எப்சிபா மாத்திரை போடாமல் தூங்கினாள்.

குழுவில் எழுதாதவள் தனியாக எழுதினாள். 'எப்சி, அது செருப்பு இல்ல. வா.' எப்சிபா பதில் போடவில்லை. டார்லின் போன் பண்ணினாள், எடுக்கவில்லை. ஒருநாள் வீட்டுக்கே வந்தாள். எப்சிபா ரிச்சர்டை வாசலுக்கு அனுப்பி, குளித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்ல வைத்தாள். ரிச்சர்ட் திரும்பி வந்து, "அந்தப் பிள்ள மொகமே சரியில்ல, என்ன சண்ட ஒங்களுக்குள்ள?" என்றார். சண்டை இல்லை என்றாள். கெஞ்ச விட்டு வேடிக்கை பார்ப்பதில் ஒரு இனிப்பு இருந்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக டார்லினுக்கு வேண்டிய ஒன்று எப்சிபாவின் கையில், இல்லை, காலில் இருந்தது.

ஐந்து ஞாயிறு வந்த மாதம் அது. மறுபடி திருவிருந்து ஞாயிறு வந்தபோது எப்சிபா பட்டுச்சேலைக்குக் கீழே சாக்ஸ் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அக்னி வெயிலில் சாக்ஸ். ரிச்சர்ட் பார்த்துவிட்டுப் பேசாமல் காரை எடுத்தார்.

இந்த முறை அவள் வேண்டுமென்றே டார்லினுக்குப் பின் வரிசையில் போய் நின்றாள். நீ என்னைப் பார்த்தாயல்லவா, நானும் பார்க்கிறேன். டார்லின் முழங்கால் போட்டாள். சேலைக்கரைக்கு வெளியே இரண்டு உள்ளங்கால்கள். எப்சிபா குனிந்து தேடினாள். ஒரு ஆணி, ஒரு பித்தவெடிப்பு, ஒரு மருவாவது இருக்கக் கூடாதா? ஒன்றுமில்லை. ஐம்பத்து மூன்று வயதில் சின்னப்பிள்ளையின் பாதம் மாதிரி சுத்தமாக இருந்தது. பொறாமையில் அவளுக்கு வாய் கசந்தது. அந்தக் கசப்போடுதான் அப்பத்தை வாங்கினாள். முதலில் போய் உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்று சற்று முன் ஐயர் வாசித்தது அவள் காதில் விழுந்திருந்தது. சகோதரன் என்றுதானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை காலை. கம்பவுண்டர் பெனோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். முகம் பேயடித்த மாதிரி இருந்தது.

"பதினாலாம் நம்பரு... டார்லின் டாக்டரு. ஒன்பது மணிலேர்ந்து பெஞ்சுல இருக்காவ. உள்ள வாங்கன்னா வர மாட்டேங்காவ. டோக்கன் போட்டுத்தான் வருவேங்காவ."

டார்லின் திரையை விலக்கிக்கொண்டு வந்து நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தாள். எப்சிபா நோட்டை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"என்ன தொந்தரவு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. ஒன் காலக் காட்டு."

"குரூப்ல எல்லாரும் சொல்லியாச்சு."

"நீ செருப்புக் கதைய எழுதாட்டா அவங்கள்ல ஒரு ஆளு கூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டாவ. ஒனக்கும் தெரியும். இந்தக் காலோட மேலப்பாளையத்துலேர்ந்து ஒரு பீடி சுத்துத அம்மா வந்து இங்கன இருந்தா நீ என்ன சொல்லுவ?"

எப்சிபா நோட்டை மூடித் தள்ளினாள். வெளியே பெஞ்சில் இருப்பவர்களுக்குக் கேட்கும் என்ற நினைப்பு கூட இல்லாமல் கத்தினாள்.

"ஒனக்கு என்னதாண்டி வேணும்? தொம்மையத் தூக்கிட்ட. என் வாசல்ல கெடந்த செருப்பெல்லாம் இப்பம் ஒன் வாசல்ல கெடக்கு. எல்லாத்தையும் எடுத்துக்கிட்ட. இப்பம் என் காலும் வேணுமா ஒனக்கு?"

"ஆமாட்டி" என்றாள் டார்லின். "காலு வேணும்."

"என் மேல அவ்வளவு அக்கறன்னா ரிச்சர்டுகிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"ஒன் ஒடம்பு, ஒன் சங்கதி. நோயாளி சங்கதிய வீட்டாள்ட்ட கேக்காம சொல்லலாமா? அதுவுமில்லாம, நான் சொல்லிட்டேன்னு தெரிஞ்சா நீ செத்தாலும் காட்டியிருக்க மாட்ட. ஒன்ன எனக்குத் தெரியாதா?" மேஜை மேலிருந்த மருந்துச் சீட்டுக் கட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எப்சிபாவின் முன்னால் தள்ளினாள். "கூட்டத்துல எழுதுத மாதிரி எழுது. செருப்பு இல்ல, பேரு இல்ல, வெறும் காலு. என்ன நோயி?"

எப்சிபா பேனாவை எடுத்தாள். ரத்தக்கட்டு என்று எழுத நினைத்தது உண்மை. ஆனால் இருபத்திரண்டு வருஷமாகச் சரியானதை எழுதிப் பழகிய கை. அது தன்பாட்டில் எழுதியது. எழுதியதைப் பார்த்ததும் தாளைக் குப்புறக் கவிழ்த்து மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"நீயும் எழுது" என்றாள். அந்த நிலையிலும், தன் சீட்டு மட்டும் திறக்கப்படுவதை அவளால் தாங்க முடியவில்லை.

"நான் எழுதியாச்சு." டார்லின் கைப்பையைத் திறந்து ஒரு கவரை எடுத்து வைத்தாள். கோவில் காணிக்கைக் கவர். சபையின் பெயர் அச்சடித்த பக்கத்தைத் திருப்பினால், பின்னால் நீல மையில் 'எப்சி. இடது குதிகால். மெலனோமா' என்று எழுதியிருந்தது. கீழே தேதி. ஐந்து வாரத்துக்கு முந்திய திருவிருந்து ஞாயிறு. "அன்னைக்குக் கோவில் பெஞ்சுல திரும்பி வந்து இருந்ததும் கையில அதுதான் இருந்துச்சு. எழுதிட்டேன். காணிக்கைய வெறுங்கையால போட்டேன்."

எப்சிபா தன் தாளைத் திருப்பினாள். இரண்டிலும் ஒரே வார்த்தை. அவள் மனசில் முதலில் எழுந்தது என்ன என்று கேட்டால் வெட்கக்கேடு: ஐந்து வாரம் முந்திவிட்டாளே என்பதுதான். அந்த எண்ணம் வந்த வழியே இன்னொன்றும் வந்தது. ஐந்து வாரம். ஒவ்வொரு நாளும் இந்தக் காலைத்தான் தரையில் ஊன்றி நடந்தாள். ஒவ்வொரு நாளும் அது ஆழமாக இறங்கிக்கொண்டிருந்திருக்கும். டார்லின் முந்திய ஐந்து வாரமும் தான் இழந்த ஐந்து வாரமும் ஒன்றேதான்.

செருப்பைக் கழற்றினாள். சாக்ஸையும் கழற்றினாள். டார்லின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எப்சிபா கைப்பையிலிருந்த விளக்குக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். டார்லின் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"மேட்டுலதான் இருக்கா?" என்று கேட்டாள் எப்சிபா.

"ஆமாட்டி. மேட்டுலதான்."

அப்புறம் எப்சிபா அழுதாள். டார்லின் காலைக் கீழே விடாமல், கர்ச்சீப்பை எடுத்துக் கொடுத்தாள். அழுகை ஓய்ந்ததும், "சரி, கட்டில்ல படு. தலையிலேர்ந்து பாக்கணும்" என்றாள். பருவுக்குப் போனவளுக்கு என்ன வழியோ அதே வழி. எப்சிபா மறுப்பில்லாமல் போய்ப் படுத்தாள்.

மதுரையில் வெட்டி எடுத்தார்கள். தொடையிலிருந்து தோலெடுத்துக் குதிகாலில் ஒட்டினார்கள். ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் என்று அறிக்கை வந்தது; ஒன்றுக்குள் இருந்தால் பயம் குறைவு. தொடையிடுக்கு நெறிக்கட்டியில் ஒன்றுமில்லை. பிழைத்துக்கொள்வீர்கள், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றார்கள். ஐந்து வாரத்துக்கு முன்னால் வெட்டியிருந்தால் அந்தக் கொஞ்சம் இருந்திருக்குமா என்று எப்சிபா கேட்டாள். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார் அங்கிருந்த டாக்டர். அந்தக் கேள்வி அவளோடு வீட்டுக்கு வந்தது, இன்னும் போகவில்லை.

எப்சிபா கிளினிக்கை மறுபடி திறந்து நாலு மாதமாகிறது. இப்போது நோயாளி உட்காரும் வரை வாயைத் திறப்பதில்லை. வாசலில் செருப்புகளை எண்ணுகிறாளா என்றால், எண்ணுகிறாள். டார்லின் வாசலில்தான் இன்னும் அதிகம். வயிறு புளிக்கத்தான் செய்கிறது. அறுத்து எடுத்தது காலில் இருந்ததை மட்டும்தானே.

போன மாதத் திருவிருந்தில் அவளால் முழங்கால் போட முடியவில்லை. ஐயர், நின்றுகொண்டே வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். முறை வரும் வரை கம்பை ஊன்றிக்கொண்டு பின் வரிசையில் நின்றாள். முன்னால் டார்லின் முழங்காலில் இருந்தாள். சேலைக்கரைக்கு வெளியே அவளுடைய இரண்டு உள்ளங்கால்கள் தெரிந்தன.

எப்சிபா குனிந்து பார்த்தாள். இடது குதிகால், நடுப்பாதம், விரல் விரலாக, விரலிடுக்கு. பிறகு வலது. பின்னால் யாரோ இருமினார்கள், அவள் அவசரப்படவில்லை. ஒரு புள்ளி கூட இல்லை. அதே சின்னப்பிள்ளைப் பாதம். பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்னொரு தடவை முதலிலிருந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று நிச்சயமான பிறகுதான் கண்ணை மூடினாள்.